ஆயிரம் லிங்க் வாங்குவதா, ஒரு நல்ல பக்கம் எழுதுவதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாம்பனில் தொடங்கி தொண்டி வரைக்கும் நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. கேட்ட விதம் வேறு வேறு என்றாலும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: கூகுளில் மேலே வர எழுத்து வேண்டுமா, லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு, பேக்லிங்க் என்பதும் இதுதான்) வேண்டுமா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, சீலா, திருக்கை, வாளை எல்லாம் பார்சலில் வெளியூருக்கு அனுப்புகிறோம். போன வருடம் மருமகன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தார், ஆனால் கூகுளில் தேடினால் எங்கேயோ கடைசியில் கிடக்கிறது. போன வாரம் ஒருவர் போனில் பேசி, மாதம் 4,000 ரூபாய் கொடுத்தால் 1,000 பேக்லிங்க் போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன் என்கிறார். தம்பி மகளோ, "அதெல்லாம் வேண்டாம் அத்தை, நல்லா எழுதினாலே போதும்" என்கிறாள். இருப்பது கொஞ்சம் பணம். எதில் போடுவது?
– வாசகி, பாம்பன்

அக்கா, அந்த நாலாயிரத்தை முதலில் பெட்டியிலேயே வையுங்கள். முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது, அப்படிச் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் உங்கள் தம்பி மகள் சொல்வதும் பாதிதான் சரி. நல்லா எழுதிவிட்டு யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தால் அது பரணில் கிடக்கும் பாத்திரம் மாதிரி கிடக்கும். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் யார் போன் செய்தாலும் என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூகுள் வருவதற்கு முன்னால் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் என்ன வார்த்தை எத்தனை முறை இருக்கிறது என்பதைத்தான் பார்த்தன. அதனால் ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி வைத்தவன் மேலே வந்தான். 1990-களின் பின்பாதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒருவர் இன்னொருவரின் கட்டுரையை மேற்கோள் காட்டுவார் இல்லையா, பலர் மேற்கோள் காட்டும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம், அதிலும் மதிப்புள்ள ஒருவர் காட்டினால் இன்னும் அதிகம். இணையத்தில் ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் லிங்க்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு பேஜ்ரேங்க் என்று பேர்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இது வரன் விசாரிக்கிற மாதிரி. மாப்பிள்ளை வீட்டில் போய் "உங்க பையன் எப்படி?" என்று கேட்டால் தங்கம் என்றுதான் சொல்வார்கள். அதனால் தெருமுனை டீக்கடையில் கேட்போம், அவன் வேலை பார்க்கிற இடத்தில் கேட்போம், அந்த ஊரில் நமக்குத் தெரிந்த வாத்தியார் யாராவது இருந்தால் அவரிடம் கேட்போம், வாத்தியார் சொன்னதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்போம். உங்கள் பக்கத்தில் நீங்கள் எழுதுவது மாப்பிள்ளை வீடு சொல்வது, வெளியிலிருந்து வரும் லிங்க் ஊர் சொல்வது. இரண்டும் வேண்டும். ஊரே நல்லவன் என்று சொன்னாலும் பையனை நேரில் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டோம்.

இப்போது அந்த 1,000 பேக்லிங்க் என்னவென்று பாருங்கள். டீக்கடையில் முன்கூட்டியே காசு கொடுத்து, யாராவது விசாரிக்க வந்தால் நல்லதாகச் சொல்லுங்கள் என்று ஆள் வைப்பதுதான் அது. அதுவும் நம்ம ஊர் டீக்கடை இல்லை, எந்த நாட்டிலோ, கருவாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் தளங்கள். ஒரு காலத்தில் இது பலித்தது, மறுக்கவில்லை. 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக்கு ஆயிரக்கணக்கான சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து லிங்க் போட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. அதுவரை பல பொருட்களுக்கு முதலிடத்தில் இருந்த அந்தக் கடையை கூகுள் கீழே தள்ளியது. அடுத்த வருடம், 2012 ஏப்ரலில், கூகுள் வரிசைப்படுத்தும் முறையில் பெங்குயின் என்ற மாற்றம் வந்தது, செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைக் குறிவைத்து. அதன் பிறகு பதினைந்து வருடம் ஆகப்போகிறது, இன்னும் அதே சரக்கைத்தான் போனில் விற்கிறார்கள்.

சரி, லிங்க்குக்கு இப்போது எவ்வளவு எடை? 2016-ல் கூகுளில் வேலை பார்த்த ஆண்ட்ரே லிபாட்செவ், பக்கத்தில் இருக்கும் விஷயமும் அதற்கு வரும் லிங்க்குகளும்தான் முக்கியமான இரண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். 2023-ல் அதே கூகுளின் கேரி இலியெஸ், லிங்க் முக்கியம்தான், ஆனால் முதல் மூன்றில் அது இல்லை, ஆட்கள் அதைத் தேவைக்கு மேல் பெரிதாக நினைக்கிறார்கள் என்றார். மறு வருடம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பக்கத்தை வரிசைப்படுத்த எங்களுக்கு மிகக் குறைவான லிங்க்குகளே போதும் என்றார். கூகுள்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு, எல்லாரும் லிங்க் வாங்காமல் இருந்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். இருந்தாலும் நான் பார்த்த வரையில் போகிற திசை அதுதான்: சாட்சியின் எடை குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. வங்கிக் கடன், காப்பீடு மாதிரி எல்லாரும் முட்டி மோதுகிற விஷயத்தில் லிங்க் இல்லாமல் மேலே வருவது இன்றைக்கும் கஷ்டம். பாம்பன் சீலாக் கருவாட்டில் அப்படி இல்லை, அங்கே ஒழுங்காக எழுதப்பட்ட பக்கமே மிகக் குறைவு, எழுதுகிற முதல் ஆளுக்கு இடம் காலியாக இருக்கிறது.

உங்கள் தளத்தை நான் பார்த்தேன் அக்கா. ஒவ்வொரு கருவாட்டுக்கும் ஒரு போட்டோ, விலை, "சுவையானது, தரமானது, சுகாதாரமானது" என்று மூன்று வார்த்தை. இதையேதான் கருவாடு விற்கிற எல்லாத் தளமும் எழுதியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதானா? உங்கள் வாட்ஸாப்பைத் திறந்து, வாங்குபவர்கள் போன மாதம் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். சீலாவை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், உப்பு எப்படி இறங்கும், நெத்திலி உப்புப் போட்டதா போடாததா, மணலில் காயவைத்ததா வலைமேல் போட்டதா, பார்சல் நாறுமா, பிரிட்ஜில் வைக்காமல் எத்தனை மாதம் இருக்கும், பழைய கருவாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது. அவர்களுக்கு வாய்ஸ் மெசேஜில் நீங்கள் சொன்ன பதிலை அப்படியே எழுத்தில் போடுங்கள், தம்பி மகள்தான் இருக்கிறாளே, அவளிடம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு மேலே, வெளியூர்க்காரனால் எழுதவே முடியாத விஷயங்கள் உங்களிடம் இருக்கின்றன. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகும், அந்த நாட்களில் உங்களிடம் எந்தக் கருவாடு இருக்கும், எது இருக்காது, விலை ஏன் மாறுகிறது? வாடைக்காற்றும் மழையும் வந்தால் காயவைக்க முடியாமல் எத்தனை நாள் காத்திருக்கிறீர்கள், பாதி காய்ந்ததை என்ன செய்கிறீர்கள்? சென்னையில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. "ஸ்டாக் இல்லை" என்று மட்டும் போட்டால் அவர் வேறு கடைக்குப் போவார், காரணத்தை எழுதினால் காத்திருப்பார். சீலாவை வகிர்ந்து உப்புப் போடுவதைப் படிப்படியாகப் போட்டோ எடுத்துப் போடுங்கள், உங்கள் கையும் அதில் தெரியட்டும். 2022 டிசம்பரிலிருந்து கூகுள், தேடலில் வரும் பக்கங்களைப் பார்த்து மதிப்பெண் போடத் தான் வைத்திருக்கும் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் நேரடி அனுபவம் என்பதையும் சேர்த்திருக்கிறது, எழுதியவர் அந்த வேலையைச் செய்தவரா என்று பார்க்கச் சொல்கிறது. அந்த மதிப்பெண் நேராக ரேங்க்கில் ஏறிவிடாது, ஆனால் எந்த மாதிரிப் பக்கம் மேலே வர வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. உங்களை விட நேரடி அனுபவம் யாருக்கு இருக்கிறது?

இது முடிந்த பிறகு லிங்க்குக்கு வாருங்கள். வரிசை முக்கியம், முதலில் காட்ட ஒரு பக்கம் வேண்டும், அப்புறம்தான் சாட்சி. உங்களிடம் மொத்தமாக வாங்குகிற ஓட்டல்காரர்கள் இருந்தால், அவர்கள் தளத்தில் "எங்கள் கருவாடு பாம்பனிலிருந்து வருகிறது" என்று ஒரு வரி போட்டு லிங்க் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், அவர்களுக்கும் அது பெருமைதான். சமையல் எழுதுகிறவர்கள் யாராவது உங்களிடம் வாங்கியிருந்தால் ஊறவைக்கும் விவரம் உள்ள பக்கத்தை அவர்களுக்கு அனுப்புங்கள், லிங்க் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டாம், பயன்பட்டால் அவர்களே கொடுப்பார்கள். தடைக்காலம் வரும்போது செய்தியாளர்கள் பேச ஆள் தேடுவார்கள், தடைக்காலத்தைப் பற்றி எழுதிய பக்கம் உங்களிடம் தயாராக இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். இப்படி ஒரு வருடத்தில் ஏழெட்டு லிங்க் வந்தால் பெரிய விஷயம். அந்த ஏழெட்டும் உங்களைத் தெரிந்தவர்கள் கொடுத்தது, போன்காரரின் ஆயிரத்தை அதோடு நான் ஒப்பிடக்கூட மாட்டேன்.

ஒன்று கவனம். இலவசமாகக் கருவாடு அனுப்பிவிட்டு அதற்குப் பதிலாக லிங்க் வாங்கினால் அதுவும் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் கூகுளின் விதியில் கணக்கு. அந்த மாதிரி லிங்க்கில் விளம்பரம் என்று அடையாளம் போட வேண்டும், அதற்கென்றே 2019-ல் ஸ்பான்ஸர்டு என்று ஒரு குறியீடு கொண்டுவந்தார்கள். யூடியூப் வீடியோவின் கீழே வருகிற லிங்க் நோஃபாலோ வகை, அதாவது இதற்கு நான் சாட்சி சொல்லவில்லை என்ற குறிப்போடு வருவது, 2005-லிருந்து இருக்கிற ஏற்பாடு. ரேங்க்குக்கு அதை நம்பாதீர்கள். ஆனால் வீடியோ பார்த்தவர் உங்கள் கடைப் பேரைப் போட்டுத் தேடி வருவார், வியாபாரத்துக்கு அது போதாதா.

பணம்? நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுக்க ஒரு ஆள் பிடியுங்கள், நாலாயிரம் அதற்குச் சரியாக இருக்கும்.

கேள்வி: ராமேஸ்வரம், தனுஷ்கோடி பற்றி ஆறு மாதத்தில் 40 கட்டுரை எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை, கீவேர்டு (ஆட்கள் தேடும் வார்த்தைகள்) எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன், மெட்டா கீவேர்டும் (பக்கத்தில் தெரியாமல் கோடிங்குக்குள் எழுதும் வார்த்தைகள்) நிரப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. எழுத்துதான் ராஜா என்று சொல்கிறார்களே, அது பொய்யா?
– வாசகர், கீழக்கரை

தம்பி, உங்கள் கட்டுரைகளில் பதினைந்தைப் படித்தேன். பிழை இல்லை என்பது உண்மை. ஆனால் ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி, 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், இதெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பக்கத்தில் இருக்கிறது. ஆயிரத்து ஒன்றாவதாக உங்கள் பக்கத்தை எடுத்து மேலே வைக்க கூகுளுக்கு என்ன காரணம் இருக்கிறது? நல்ல எழுத்து என்றால் பிழையில்லாத எழுத்து என்று நினைத்துக்கொண்டீர்கள், இங்கே நல்லது என்றால் வேறு இடத்தில் கிடைக்காதது.

நீங்கள் கீழக்கரையில் இருக்கிறீர்கள், ஒரு பஸ் ஏறினால் ராமேஸ்வரம். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு 22 தீர்த்தமும் ஆட முடியுமா, ஈரத்துணியோடு நிற்க வேண்டியது எவ்வளவு நேரம், தரை எங்கே வழுக்கும், துணி மாற்ற எங்கே இடம் இருக்கிறது, இதை ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்து எழுதுங்கள். அரிச்சல்முனைக்கு மாலையில் எந்த நேரம் வரை வண்டியை விடுகிறார்கள், அங்கே தண்ணீரும் நிழலும் கிடைக்குமா என்று கேட்டு எழுதுங்கள், மாறினால் தேதி போட்டுத் திருத்துங்கள். அங்கே ஒரு பக்கத்தை ஆண்கடல், மறுபக்கத்தைப் பெண்கடல் என்று நம்ம ஆட்கள் சொல்வார்களே, எந்தப் பக்கம் பிள்ளைகளை இறக்கக் கூடாது என்பதை ஒரு மீனவரிடம் கேட்டு எழுதினால் அந்த ஒரு பக்கம் உங்கள் 40-ஐயும் தூக்கிவிடும்.

அப்புறம், மெட்டா கீவேர்டை கூகுள் பார்ப்பதே இல்லை, 2009-லேயே சொல்லிவிட்டார்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். முதலில் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் கொடுக்கும் இலவசக் கருவி) உங்கள் பக்கங்களின் முகவரியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கூகுள் வந்து படித்தது, ஆனால் தன் தேடல் பட்டியலில் எடுத்து வைக்கவில்லை என்று காட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம், அப்படி இருப்பவற்றில் நாலைந்தைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். உங்கள் கட்டுரைகளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லிங்க் இல்லை என்பதையும் கவனித்தேன். தனுஷ்கோடிக் கட்டுரையில் பாம்பன் பாலம் வருகிறது, பாலத்துக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை. வெளியே லிங்க் தேடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் கதவைத் திறந்து வையுங்கள், அதற்குக் காசும் கிடையாது.

வெளி லிங்க்? உங்கள் துறையில் போட்டி அதிகம், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் தேவைப்படும், கருவாட்டு அக்கா மாதிரி இல்லை. யாத்திரை கூட்டிவருகிற வேன்காரர்கள், ஓட்டல்கள், பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்கள், இவர்களுக்குப் பயன்படுகிற ஒரு பக்கத்தை முதலில் உருவாக்கிவிட்டு அவர்களிடம் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: 3 வருடத்துக்கு முன்னால் ஒருவரிடம் பணம் கொடுத்து லிங்க் வாங்கினேன். கடையில் படகுச் சாமான், வலை, கயிறு விற்கிறோம். முதலில் மேலே வந்தது, இப்போது காணவே காணோம். தண்டனை கொடுத்துவிட்டார்களா? எப்படித் திரும்ப மேலே வருவது?
– வாசகர், தொண்டி

இதை நானும் அனுபவித்திருக்கிறேன். 2011-ல் மண்டபம் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் தளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஏஜென்சி பேச்சைக் கேட்டு லிங்க் வாங்கிப் போட்டோம். சில மாதம் நன்றாகவே வந்தது, முதலாளி எனக்குச் சீசன் முடிந்ததும் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். 2012 கோடையில் ஒரு காலையில் பார்த்தால் தளம் எங்கேயும் இல்லை. அந்த வருடம் தீபாவளி வரைக்கும் விடுதிக்குப் போன் அடிக்கவில்லை, வேலைக்கு இருந்த இரண்டு பேரை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அந்த இரண்டு பேர் முகமும் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு லிங்க்கூட நான் வாங்கியதில்லை, வாங்கச் சொன்னதும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மனிதர் ஒருவர் பார்த்துக் கொடுத்த தண்டனை. விற்றவரிடம் சொல்லி முடிந்த லிங்க்குகளை எடுக்க வையுங்கள், எடுக்க முடியாதவற்றை டிஸ்அவோ கருவியில் பட்டியல் போட்டு ஒதுக்குங்கள், நடந்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றால் அது தண்டனை இல்லை. 2016 செப்டம்பரில் பெங்குயினை மாற்றியதிலிருந்து கெட்ட லிங்க்கைப் பெரும்பாலும் அவர்கள் தண்டிப்பதில்லை, எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் முன்பு உங்களுக்கு இருந்த இடம் உங்கள் இடமே இல்லை, வாங்கிய லிங்க் தூக்கிப் பிடித்திருந்தது, அதை எண்ணாமல் விட்டதும் தளம் தன் சொந்த இடத்துக்கு வந்திருக்கிறது. இதைக் கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இது புரியாமல் டிஸ்அவோ செய்து கொடுக்கிறேன் என்று வருகிற அடுத்த ஆளிடம் இன்னொரு முறை பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வலை, கயிறு விற்கிறீர்கள். எந்த மீனுக்கு எந்தக் கண் அளவு வலை, நைலான் கயிறு உப்புத்தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும், வள்ளத்துக்கு எந்த நங்கூரம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் பேசுகிறீர்களே, அங்கிருந்து ஆரம்பியுங்கள். திரும்ப மேலே வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம்.

கேள்வி: ஏஐ வைத்து ஒரே நாளில் 200 பக்கம் எழுதிப் போட்டால் லிங்க் இல்லாமலே மேலே வந்துவிடலாம் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், ஏர்வாடி

செய்யாதீர்கள் தம்பி. ஏஐ தொட்டாலே தப்பு என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால் ரேங்க்குக்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை, அதை மனிதன் செய்தாலும் மெஷின் செய்தாலும், 2024 மார்ச்சிலிருந்து ஸ்பாம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். விதியை விடுங்கள், ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டைப் பற்றி அந்த மெஷின் எழுதியதை உங்கள் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள், எத்தனை இடத்தில் "இது எந்த ஊர்க் கதை?" என்று கேட்கிறார் பாருங்கள். பாட்டி சொல்வதை நீங்கள் எழுதிக்கொண்டு, வாக்கியத்தைச் சரிசெய்ய மட்டும் ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பக்கத்தில் நாலு ரூம் வைத்து வாடகைக்கு விடுகிறோம். எங்களுக்கு எழுத்தா, லிங்க்கா?
– வாசகி, தேவிபட்டினம்

உங்களுக்கு முதலில் இரண்டுமே இல்லை, மேப். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்கள் ரூம்களைப் பதிவு செய்து, சரியான இடத்தில் புள்ளி வைத்து, போன் எடுக்கிற நேரம், கார் நிறுத்த இடம் உண்டா, தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் காலை எத்தனை மணிக்குக் குளித்துக் கிளம்பலாம், வெந்நீர் உண்டா என்பதையெல்லாம் போடுங்கள். தங்கிப் போகிறவர்களிடம் இரண்டு வரி ரிவ்யூ எழுதச் சொல்லுங்கள், காசு கொடுத்தோ தள்ளுபடி கொடுத்தோ வாங்காதீர்கள். வந்த ரிவ்யூ ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள், குறை சொன்னதற்குக் கட்டாயம். ஆடி அமாவாசைக்கு ஒரு மாதம் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கிறோம். எங்கள் தளத்தின் டிஏ (டொமைன் அத்தாரிட்டி என்கிற மதிப்பெண்) 6 தான், 30 ஆக்கினால்தான் விற்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சாயல்குடி

இல்லை. டிஏ என்பது மாஸ் (Moz) என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குக்குப் போடுகிற எண், கூகுள் அதை வைத்து வரிசைப்படுத்துவதில்லை. லிங்க் விற்கிறவர்களுக்குக் காட்ட ஒரு எண் வேண்டும், அதனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் கருப்பட்டி, பனங்கருப்பட்டி, பனைவெல்லம் என்று மூன்று பேரும் இருக்கிறதா என்று பாருங்கள், ஊருக்கு ஊர் ஒவ்வொரு பேரில் தேடுகிறார்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை வாங்குகிறவர் வீட்டில் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று உங்கள் வீட்டில் பதநீர் காய்ச்சுகிற அம்மாவிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதி எனக்கும் அனுப்புங்கள். நானே வாங்கிப் பார்த்துவிட்டு, சொன்னது சரியாக இருந்தால் என் தளத்திலிருந்து லிங்க் கொடுக்கிறேன், கருப்பட்டிக்கு உண்டான காசையும் கொடுத்துவிடுகிறேன்.